சதுர அடி மட்டும் கணக்குப் பாத்து ஏமாந்த கதை: எங்கட ஸ்டோர்ஸ பெருசாக்கின அனுபவம்

ஒக்டோபர் மாசம், ஒரு திங்கக்கிழம காலைல கொன்டெய்னர் கதவு திறக்கல. பூட்டு திறந்திச்சு, கம்பி சுத்திச்சு, ஆனா கதவு மட்டும் அசையல, நாலு நாட்டாமிமார் (மூட்டை தூக்குற ஆக்கள்) சேந்து இழுத்தும் வரல, கடைசில ஃபோர்க்லிஃப்ட்ல சங்கிலி கட்டி இழுக்கத்தான் வந்திச்சு, அதுவும் ரப்பர் கிழிஞ்சு. உள்ளுக்கு இருந்தது கிட்டத்தட்ட 18 தொன் ஏ4 பேப்பரும் கொப்பியும். கொன்டெய்னர்ட பின் மூலை ஒன்னு நிலத்துக்குள்ள ஒரு சாண் எறங்கி, முழுப் பெட்டியும் முறுகிப்போய் கதவு சட்டம் கோணலாகி நிக்குது. நாங்க அத வாங்கி வச்சு அஞ்சு மாசம் கூட இல்ல.

இத எழுதுறதுக்கு காரணம், போன மாசம் மட்டும் மூணு பேர் என்கிட்ட கேட்டாங்க, "ஸ்டோர்ஸ் பத்தல, முற்றத்துல கொன்டெய்னர் போடலாமா, இல்ல அந்த மொடியுலர் டென்ட் அடிக்கலாமா, மெஸனைன் (ஸ்டோர்ஸுக்குள்ளயே இடைல போடுற இரும்பு மேல்தளம்) கட்டலாமா"ன்னு. நான் இன்ஜினியர் இல்ல, கொழும்பு புறக்கோட்டைல ஸ்டேஷனரி மொத்த வியாபாரக் கடை ஒன்னுல ஸ்டோர்ஸ, அதாவது சாமான் அடுக்கிற கிடங்க, பாத்துக்கிறவன், அவ்வளவுதான். ஆனா இந்த மூணையும் செஞ்சு பாத்துட்டேன், மூணுலயும் காசு விட்டுட்டேன், அதனால கதைக்க கொஞ்சம் உரிமை இருக்குனு நினைக்கிறேன்.

முதல்ல ஏன் இடம் பத்தாம போச்சுனு சொல்லணும். எங்கட கடை நாலாம் குறுக்குத் தெரு பக்கம், ஸ்டோர்ஸ் வெல்லம்பிட்டிய பக்கம். 6,000 சதுர அடி, தகரக் கூரை, ஓரத்துல 20 அடி உசரம். பதினஞ்சு வருஷமா அது போதும் போதும்னு இருந்திச்சு. 2022ல என்ன நடந்திச்சுனு எல்லாருக்கும் தெரியும், டொலர் 200ல இருந்து 360 தாண்டிப் போனது, மார்ச் மாசம் பேப்பர் இல்லன்னு மேல் மாகாணத்துல ஸ்கூல் தவணைப் பரீட்சையையே தள்ளி வச்சது. அந்த நேரம் எங்கட கடைல தட்டெல்லாம் காலி, பழைய வாடிக்கையாளர் வந்து கெஞ்சிறாங்க, குடுக்க ஒரு ரீம் இல்ல. முதலாளிக்கு அது மனசுல ஆணி மாதிரி அறைஞ்சிட்டு. அதுக்குப் பிறகு எல்.சி. (இறக்குமதிக்கு பேங்க் குடுக்கிற கடன் கடிதம்) திறக்க முடிஞ்ச நாள்ல இருந்து "கிடைக்கிறப்ப எடுத்துப் போடு, பிறகு பாத்துக்கலாம்"ங்கிறதுதான் கொள்கை. எடுத்துப் போட்டோம். 2023 நடுவுல வாசல் வரைக்கும் பேப்பர்.

இன்னொரு பிரச்சினையும் சேந்திச்சு. முன்ன எல்லாம் ஜனவரில ஸ்கூல் வருஷம் தொடங்கும், நவம்பர் டிசம்பர்ல சாமான் எல்லாம் ஓடி முடிஞ்சிடும். கொரோனாக்குப் பிறகு வருஷமே தள்ளிப் போச்சு, 2023ல மார்ச் கடைசில தொடங்கினாங்க, 2024ல பெப்ரவரில. அதனால சீசன் சாமான் ஸ்டோர்ஸ்ல நிக்கிற காலம் நீண்டு போச்சு. அதுவும் எந்தக் காலம்? ஒக்டோபர் நவம்பர், கொழும்புல மழை கொட்டோ கொட்டுனு கொட்டுற காலம். பேப்பர் வியாபாரத்துக்கு இதவிட மோசமான பொருத்தம் இல்ல.

சரி, கொன்டெய்னர் கதைக்கு வாறேன். முதலாளிட மச்சான் ஒருத்தர் சொன்னார் 20 அடி பழைய கொன்டெய்னர் ரெண்டு வாங்கி முற்றத்துல வச்சா ஒரு வாரத்துல வேலை முடிஞ்சிடும்னு. கேக்க நல்லாத்தான் இருந்திச்சு. துறைமுகம் பக்கத்துல, பேலியகொட வத்தளை பக்கம் யார்ட் நிறைய, பூம் டிரக்ல ஏத்திக் கொண்டு வந்து எறக்கிட்டுப் போயிடுவாங்க. ஒரு பெட்டி உள்ளுக்கு கிட்டத்தட்ட 33 கன மீட்டர், ரெண்டு பெட்டி 66. சதுர அடிக்கு என்ன விலைனு முதலாளி கல்குலேட்டர்ல தட்டிப் பாத்தார், வாடகை ஸ்டோர்ஸோட ஒப்பிட்டா லாபம்தான். அந்தக் கல்குலேட்டர்ல யாரும் கிலோவத் தட்டல. நானும் தட்டல.

வாங்குறப்ப நாங்க சரியா செஞ்சது ஒன்னே ஒன்னு. யார்ட்ல இருந்த வயசான காவல்காரர் ஒருத்தர் சொன்னார், "தம்பி, உள்ளுக்குப் போய் ரெண்டு கதவையும் மூடச் சொல்லு, இருட்டுல நிண்டு மேல பாரு." நல்ல வெயில் நேரத்துல உள்ளுக்கு நிண்டு பாத்தா ஓட்டை எல்லாம் வானத்து நட்சத்திரம் மாதிரி தெரியும். முதல்ல காட்டின பெட்டில மொத்த வான மண்டலமே இருந்திச்சு. அத விட்டுட்டு வேற ரெண்டு எடுத்தோம். கதவு ரப்பர், பலகைத் தளம், உள்ளுக்கு என்ன வாசம் அடிக்குது, இதையும் பாருங்க, பேப்பர் வாசத்த அப்பிடியே பிடிச்சு வச்சுக்கும்.

இப்ப கிலோ கணக்கு. 80 ஜிஎஸ்எம் ஏ4 ரீம் ஒன்னு கிட்டத்தட்ட 2.5 கிலோ, அஞ்சு ரீம் பெட்டி 12.5 கிலோ. ஒரு கன மீட்டர் பேப்பர் அடுக்கினா 750 கிலோ மாதிரி வரும். அதாவது ஒரு 20 அடி பெட்டிய முக்கால்வாசி நிரப்பினாலே 18 தொன். பெட்டிட சொந்தப் பாரம் ரெண்டே கால் தொன் கிட்ட. மொத்தம் 20 தொன். கப்பல் கொன்டெய்னர் நடு வயித்துல நிலத்துல உக்காராது, நாலு மூலைல இருக்கிற இரும்புக் கட்டைலதான் நிக்கும், அது ஒவ்வொன்னும் 7 இன்ச்சுக்கு ஆறரை இன்ச் மாதிரி, என்ட உள்ளங்கையவிட கொஞ்சம் பெருசு. அந்த அளவு இடத்துல அஞ்சு தொன்! நாங்க கீழ என்ன வச்சோம்? பழைய சிலீப்பர் கட்டை நாலு. அதுக்குக் கீழ? வெல்லம்பிட்டிய மண். கொலன்னாவ, வெல்லம்பிட்டிய, ஒருகொடவத்த பக்கம் காணிகள்ல பாதி ஒரு காலத்துல வயலும் சதுப்பும்தான், மேல கிரவல் கொட்டி நிரப்பி இருக்கு, கீழ இன்னும் அந்த கறுத்த ஊறின மண் அப்பிடியே கிடக்கு. வெயில் காலத்துல கல்லு மாதிரி இருக்கும். மழை நாலு நாள் பிடிச்சா பிட்டு மாதிரி ஆயிடும்.

பிறகு செஞ்சது என்னன்னா, ரெண்டு பெட்டியையும் காலி பண்ணி (அந்த மழைல, சொல்லாதீங்க), தூக்கி, மூலைக்கு மூலை மூணடிக்கு மூணடி தோண்டி, மண்ண எடுத்துட்டு ஏபிசி (ரோட்டுக்கு அடில போடுற உடைச்ச கல்லுக் கலவை) போட்டு ரோலர்ல இறுக்கி, ஒரு அடி தடிப்புல கம்பி கட்டி கொங்கிரீட் போட்டோம். 45 சதுர இன்ச்சுல நிண்ட பாரம் 1,296 சதுர இன்ச்சுக்கு பரவும், கிட்டத்தட்ட 29 மடங்கு. முதல்லயே செஞ்சிருந்தா மூணு நாள் வேலை. பிந்தி செஞ்சதால மூணு கிழமை, ஒரு பக்கம் சாமான நனையாம வைக்க இடமில்லாம கடை மேல்மாடி வரைக்கும் பேப்பர ஏத்தி வச்சோம், நாட்டாமிமார் என்னைய ஏசாத ஏச்சில்ல.

கதவு மட்டும் இல்ல பிரச்சினை. திறந்து உள்ளுக்குப் பாத்தா மேல் வரிசை பெட்டி எல்லாம் ஊறிப்போய் கிடக்கு. ஓட்டை இருக்குனு நினைச்சோம், தேடித் தேடிப் பாத்தோம், ஓட்டை இல்ல. கொன்டெய்னர் வேர்த்திருக்கு. பகல்ல வெயில்ல இரும்புக் கூரை கொதிக்கும், உள்ளுக்கு இருக்கிற அட்டைப் பெட்டி, பெலட் (சாமான் அடுக்கிற அடிப்பலகை) மரம், பலகைத் தளம் எல்லாம் ஈரத்த காத்துக்கு விடும், இரவு மழை பெஞ்சு கூரை குளிரும், அந்த ஈரம் கூரைல முத்து முத்தா பிடிச்சு சாமான் மேலயே சொட்டும். சோத்துப் பானை மூடிய திறந்தா தண்ணி சொட்டுதே, அதே கதைதான். கொன்டெய்னர் பக்கச் சுவர்ல சின்னதா காத்து ஓட்டை இருக்கே, அது போதும்னு நினைக்காதீங்க, அதுக்கும் காத்தோட்டத்துக்கும் சம்பந்தமே இல்ல.

இதுக்கு நாங்க செஞ்சது மூணு. கூரைக்கு மேல ஒரு அடி இடைவெளி விட்டு தனியா தகரக் கூரை ஒன்னு அடிச்சோம், வெயில் நேரா படாது, மழையும் நேரா படாது, இதுதான் பெரிய வித்தியாசம் குடுத்திச்சு. ஈரம் உறிஞ்சிற கல்சியம் குளோரைட் பை தொங்க விட்டோம், அது தண்ணியாகி தொங்குறத பாத்தாத்தான் எவ்வளவு ஈரம் உள்ளுக்கு இருக்குனு விளங்கும், ஆனா மாத்திக்கிட்டே இருக்கணும். சாமான சுவர்ல முட்டாம ஒரு சாண் தள்ளி அடுக்க வச்சோம். இவ்வளவும் செஞ்சும் கொன்டெய்னருக்குள்ள இப்ப பேப்பர் வைக்கிறதில்ல. பிளாஸ்டிக் ஃபைல், அடிமட்டம், ஜியோமெட்ரி பெட்டி, இந்த மாதிரி நனைஞ்சா துடைச்சு விக்கக் கூடிய சாமான்தான்.

இன்னும் ஒரு விஷயம் யாரும் சொல்லமாட்டாங்க, விக்கிறவர் கட்டாயம் சொல்லமாட்டார். ரெண்டு கொன்டெய்னர் முற்றத்துல உக்காந்த நாள்ல இருந்து 40 அடி லொறி உள்ளுக்கு வந்து திரும்ப முடியாம போச்சு. ரோட்டுல நிறுத்தி இறக்கினோம், பொலிஸ் வந்திச்சு, பக்கத்து வீட்டுக்காரங்க சத்தம் போட்டாங்க. சாமான் இறக்கிற நேரம் ரெண்டு மடங்காச்சு. அதோட கொன்டெய்னர் உள்ளுக்கு 20 அடி நீளம், ஒரே ஒரு பக்கம்தான் கதவு, முதல்ல வச்சது கடைசிலதான் வரும், அதனால 2022ல பயத்துல வாங்கின ஒரு வகை கிராஃப் கொப்பி பேப்பர வெளிய எடுக்கிற வரைக்கும் பின்பக்கமே தூங்கிச்சு. தளமும் நிலத்தவிட அரை அடி கிட்ட உசரம், ரேம்ப் இல்லாம ஃபோர்க்லிஃப்ட் உள்ளுக்குப் போகாது, எல்லாம் கையாலதான்.

இன்ஷூரன்ஸ் விஷயமும் இந்த நேரத்துலதான் வெளிச்சத்துக்கு வந்திச்சு. ஊறின சாமானுக்கு கிளெய்ம் போடலாமானு கேட்டா, இன்ஷூரன்ஸ் பொலிசிப் பத்திரத்துல எழுதி இருக்கிறது கட்டடத்துக்குள்ள இருக்கிற சாமான், முற்றத்துல இருக்கிற பெட்டி அதுல இல்லன்னாங்க. பொலிசிய வாசிச்சுப் பாத்தோம், உண்மைதான், எழுதி இருக்கு. வாசிக்காதது நாங்க. நீங்க முற்றத்துல எது வச்சாலும், அது டென்டா இருந்தாலும், வைக்கிறதுக்கு முன்ன ஒரு கடிதம் குடுத்து சேத்துக்கோங்க. உள்ளூராட்சி சபை ஆளும் ஒருநாள் வந்து இதுக்கு அனுமதி எடுத்தீங்களானு கேட்டார். "தற்காலிகம்தானே சேர்"ன்னு சொன்னேன். அவர் சிரிச்சார். எதுவும் வைக்கிறதுக்கு முன்ன போய் கேட்டுடுங்க.

கொன்டெய்னர்ல சூடு பட்ட பிறகுதான் நான் ஸ்டோர்ஸ் நடுவுல நிண்டு மேல பாத்தேன். 20 அடி உசரம் இருக்கு, நாங்க அடுக்கி இருக்கிறது 6, 7 அடி. அதுக்கு மேல அடுக்கினா கீழ் பெட்டி நசுங்கும். மேல மூணுல ரெண்டு பங்கு வெறும் காத்து, அந்தக் காத்துக்கும் சேத்துத்தானே வாடகை கட்டுறோம்.

இந்த முறை ஒழுங்கா தொடங்கினேன். கடைல இருக்கிற பிளாட்ஃபோர்ம் தராச கொண்டு வந்து ஒவ்வொரு வகை சாமான்லயும் ஒரு பெட்டிய நிறுத்து, நீள அகல உசரத்தையும் அளந்து கொப்பில எழுதினேன். ரெண்டு நாள் போச்சு, பொடியன்மார் எனக்கு பைத்தியம்னு நினைச்சாங்க. ஆனா அந்த ரெண்டு நாள்தான் மொத்த வேலைலயும் பெறுமதியான ரெண்டு நாள். ஏ4 பெட்டி முழங்கால் உசரம் கூட இல்ல, 12.5 கிலோ. ஸ்கூல் பேக் பெட்டி என்ட நெஞ்சு உசரம், அதுவும் 12 கிலோதான்! தண்ணிப் போத்தல் பெட்டி அதவிட இலேசு. எங்கட இடத்துல பாதிய சாப்பிட்டது பேப்பர் இல்ல, பேக்கும் போத்தலும் லஞ்ச் பொக்ஸும். பாரத்துல பாதிக்கு மேல பேப்பர். ரெண்டையும் ஒரே மாதிரி தரைல அடுக்கி வச்சிருந்தோம். அதே அளவெடுப்புல பதினெட்டு மாசமா அசையாத சாமான் எவ்வளவு இருக்குனும் தெரிஞ்சிச்சு, முதலாளிக்கு காட்டினேன், அவர் ஒன்னும் கதைக்கல, டீ குடிச்சார், அடுத்த கிழமை அதுல பாதிய கழிச்சு விலைக்கு தள்ளிவிட்டார். ஒரு சல்லி செலவில்லாம கிடைச்ச இடம் அது.

பாரச் சாமானுக்கு பெலட் ரெக் (பெலட்ட தட்டுத் தட்டா ஏத்தி வைக்கிற இரும்புச் சட்டம்) போடுறதுனு முடிவு. ரெக் விக்கிறவங்க வந்து படம் வரைஞ்சு காட்டினாங்க, 18 அடி உசரத்துக்கு, அழகா இருந்திச்சு. எங்கட ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுற அண்ணன் அந்தப் படத்த பாத்துட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "அவ்வளவு உசரத்துக்கு யாரு தூக்குறது?" எங்கட மெஷின் தூக்குறது 3 மீட்டர், பத்தடி கூட இல்ல. நான் வெக்கப்பட்டுட்டேன். ரெக்க ஓடர் பண்ணின பிறகு இது தெரிய வந்திருந்தா? அதனால முதல்ல மெஷின பாருங்க, எவ்வளவு உசரம் தூக்கும், அந்த உசரத்துல எவ்வளவு பாரம் தூக்கும் (மேல போகப் போக குறையும், மெஷின்ல தகட்டுல எழுதி இருக்கும்), திரும்புறதுக்கு எவ்வளவு இடம் வேணும். சாதாரண ஃபோர்க்லிஃப்டுக்கு ரெக் நடுவுல 12 அடி பாதை வேணும். ரீச் டிரக்னா (ஒடுங்கின பாதைல ஓடுற வகை ஃபோர்க்லிஃப்ட்) ஒன்பது பத்து அடில சமாளிக்கும், ஒரு வரிசை கூடப் போடலாம், ஆனா அது வழுவழுப்பான தளத்துலதான் ஓடும், முற்றத்துக்கு இறங்காது, எங்களுக்கு ரெண்டு மெஷின் வச்சிருக்க கட்டுப்படியாகாது. 4.5 மீட்டர் தூக்குற மெஷின் ஒன்ன மாத வாடகைக்கு எடுத்தோம், பாதை 12 அடியே விட்டோம்.

அடுத்தது தளம். முதலாளிட கூட்டாளி ஒருத்தர் சிவில் இன்ஜினியர், அவர் சும்மா பாக்க வந்தவர் தளத்த குதிங்காலால தட்டிப் பாத்துட்டு "இது எத்தன இன்ச்?"ன்னார். யாருக்கும் தெரியாது. சின்ன ஓட்டை போட்டுப் பாத்தா 4 இன்ச், ரெண்டு இடத்துல கீழ மண் எறங்கி வெத்து இடம். அவர் கொப்பில போட்டுக் காட்டின கணக்கு இதுதான்: ஒரு பெலட் ஒரு தொன், ஒரு தட்டுல ரெண்டு பெலட், மூணு தட்டு, ஆக ஒரு கண்ணுக்கு (ரெண்டு சட்டத்துக்கு நடுவுல உள்ள பகுதி) 6 தொன். நடுவுல நிக்கிற சட்டம் ரெண்டு பக்கக் கண்ணுலயும் பாதிப் பாதிய சுமக்கும், அதுவும் 6 தொன், சட்டத்துக்கு ரெண்டு கால், காலுக்கு 3 தொன். மறுபடி கொன்டெய்னர் மூலைக் கதைதான், கூரைக்கு உள்ளுக்கு நடக்குது, அவ்வளவுதான் வித்தியாசம். முழுத் தளத்தையும் உடைக்கத் தேவை இல்லன்னார், ரெக் கால் வர்ற வரிசைல மட்டும் பட்டி பட்டியா வெட்டி கம்பி கட்டி 9 இன்ச் கொங்கிரீட் போட்டோம். கொங்கிரீட் பலம் பிடிக்க 28 நாள் விடச் சொன்னார், முதலாளி ஒரு கிழமைல ரெக் பூட்டச் சொன்னார், சண்டை போட்டு 28 நாள் விட்டோம். இதுல நான் விட்டுக் குடுக்காதது எனக்கே ஆச்சரியம்.

அடித் தட்டு பெலட்ட தரைல வைக்காம ஒன்றரை அடி உசத்தி முதல் பீம போட்டோம். ரெக் ஆக்கள் "இடம் வீண்"னாங்க. அவங்களுக்கு 2016 மே மாசம் தெரியாது. களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டிய கொலன்னாவ எல்லாம் தண்ணிக்குள்ள போன நேரம் எங்கட ஸ்டோர்ஸ்ல முழங்காலுக்கு நிண்டிச்சு, சுவர்ல அந்தக் கோடு இன்னும் இருக்கு, பெயின்ட் அடிக்க விடல. முழங்கால் தண்ணி வந்தா ஒன்றரை அடில தப்பலாம். அதுக்கு மேல வந்தா கடவுள் விட்ட வழி. பீம் எல்லாம் துளைல கொக்கி மாட்டி பூட்டுறதுதானே, தேவைனா உசத்தலாம் இறக்கலாம், மொடியுலர்னா அதுதான் உண்மையான பிரயோசனம். ஆனா பீம உசத்தினா ரெக்குக்கு தாங்குற பாரம் மாறும், முக்கியமா முதல் பீம், அதனால சொந்தமா மாத்தாம அவங்ககிட்ட ஒருக்கா கேட்டுட்டு மாத்துங்க.

கணக்குக்கு: முன்ன பெலட் கணக்குல 160 மாதிரி வச்சோம், இப்ப 84 இடம், மூணு தட்டு, 252. மூணு மடங்கு வரும்னு நினைச்ச முதலாளிக்கு கொஞ்சம் ஏமாற்றம்தான், பாதை அவ்வளவு இடத்த எடுக்கும். ஆனா இப்ப எந்த பெலட்டையும் மத்தத அசைக்காம எடுக்கலாம், முன்ன ஒரு பெட்டி எடுக்க இருவது பெட்டி இறக்கணும்.

இலேசுச் சாமானுக்கு மெஸனைன். பெக்கிங் பண்ற இடத்துக்கும் ஒஃபிஸ் ரூமுக்கும் மேல 1,200 சதுர அடி, போல்ட் பூட்டுற இரும்புத் தூண், பீம், மேல பலகைத் தளம். ஒரு சதுர மீட்டருக்கு 500 கிலோ தாங்கும்னு குடுத்தாங்க. கேக்க நிறைய மாதிரி இருக்கு இல்ல? பேப்பர அடுக்கினா ரெண்டு அடி உசரத்துலயே 500 கிலோ வந்திடும், முழங்கால் கொஞ்சம் தாண்டும்போதே அளவு முடிஞ்சு போச்சு. இதத்தான் பொடியன்மாருக்கு விளங்கப்படுத்த கஷ்டம், ஏன்னா கண்ணுக்கு அது காலி இடம். முதல் மாசத்துலயே ஒருநாள் மேல போய் பாத்தா யாரோ ஏ4 பெட்டி நெஞ்சு உசரத்துக்கு அடுக்கி வச்சிருக்கான், கீழ மூணு பொம்பளப் பிள்ளைகள் பெக்கிங் பண்ணிக்கிட்டு இருக்குதுகள். எனக்கு கை கால் நடுங்கிட்டு. அன்றைக்கே எல்லாத்தையும் இறக்கி, படி ஏறுற இடத்துல தமிழ்லயும் சிங்களத்துலயும் பெருசா எழுதினேன், "மேலே பேப்பர் வைக்கக் கூடாது." 500 கிலோனு எழுதல. கிலோ யாருக்கும் கண்ணுல தெரியாது, பேப்பர் தெரியும்.

மெஸனைன்ல இன்னொரு பாடம் கிரேயோன். ஏப்ரல்ல தகரக் கூரைக்கு கிட்ட என்ன சூடு இருக்கும்னு நான் யோசிக்கவே இல்ல. பெட்டிய திறந்தா கிரேயோன் எல்லாம் வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டு இருக்கு, பசைக் குச்சியும் இளகிப் போச்சு. கூரைல சுத்துற டர்போ வென்டிலேட்டர் போட்ட பிறகு கொஞ்சம் பரவாயில்ல, இருந்தாலும் மெழுகு, பசை, பெயின்ட் எல்லாம் கீழதான். மேல பேக், போத்தல், லஞ்ச் பொக்ஸ். ஓரத்துக்கு கைப்பிடிக் கம்பியும், சாமான் உருண்டு விழாம கீழ ஒரு தகடும், ரெண்டு பக்கம் படியும் கட்டாயம் கேளுங்க. ஒரு படிதான் போதும்னாங்க எங்களுக்கும், நெருப்பு பிடிச்சா அந்தப் படி பக்கம்தான் பிடிக்கும்னு நான் விடல. பேப்பர் ஸ்டோர்ஸ்ல நெருப்புக்கு பயப்படாம இருக்க ஏலாது.

டென்ட் கதை சின்னது. போன சீசனுக்கு பேக் எதிர்பாத்ததவிட கூட வந்திச்சு, அலுமினிய சட்டம், பிவிசி துணி, 10 மீட்டர் அகலம், அஞ்சு மீட்டர் கண் மூணு, ஆக 15 மீட்டர் நீளம், நாலு மாத வாடகைக்கு. ரெண்டு நாள்ல அடிச்சிட்டாங்க, 1,600 சதுர அடி கிடைச்சிச்சு. வாடகைக்குனு எடுத்ததுதான் புத்திசாலித்தனம், சீசன் முடிய கழட்டிக் கொண்டு போயிட்டாங்க, முற்றம் திரும்ப எங்களுக்கு. துணிய நல்லா இழுத்து இறுக்கலனா மழைத் தண்ணி குட்டிக் குளம் மாதிரி தேங்கும், அப்பிடித் தேங்கினதுல ஒருநாள் பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து நுளம்புப் புழு காட்டினார். டெங்கு காலம், அவர் எச்சரிச்சு விட்டது எங்கட அதிர்ஷ்டம். தகரக் கூரைப் பீலி, கொன்டெய்னர் மேல, டென்ட் மடிப்பு, எல்லாத்தையும் கிழமைக்கு ஒருக்கா பாக்க ஒரு ஆள வச்சிருக்கோம். காத்துக்கு டென்ட் காலெல்லாம் நிலத்துல அறையணும், அறையிறதுக்கு முன்ன கீழ கரன்ட் கேபிள், தண்ணிக் குழாய் எங்க போகுதுனு பாத்துக்கோங்க, நாங்க குழாய் ஒன்ன துளைச்சிட்டோம்.

ரெக் பூட்டிட்டா வேலை முடிஞ்சிச்சுனு இல்ல. ஃபோர்க்லிஃப்ட் எப்பிடியும் கால்ல இடிக்கும், எவ்வளவு நல்ல டிரைவரா இருந்தாலும். மூலைக் காலுக்கு இரும்புக் காப்பு போட்டிருக்கோம். மாசம் ஒருக்கா ஒரு மீட்டர் நீளமான நேர் மட்டக் கம்பி ஒன்ன காலோட வச்சுப் பாப்போம், பீம் ஓடுற திசைல 5 மில்லிமீட்டருக்கு மேல வளைஞ்சிருந்தா, இல்ல குறுக்குத் திசைல 3 மில்லிமீட்டருக்கு மேல வளைஞ்சிருந்தா, அந்தக் கண்ணுக்கு புதுசா பெலட் ஏத்துறதில்ல, ரெக் ஆள கூப்பிடுவோம், கண்ணுக்கே நல்லா வளைஞ்சு தெரிஞ்சா அப்பவே இறக்கிடுவோம். வெல்டிங் வேலைக்காரர் ஒருத்தர் "நான் சூடாக்கி நிமித்தி தாறேன்"னார், வேணாம்னு சொல்லிட்டோம், நிமித்தின இரும்பு பழைய பாரத்த தாங்காது, காலையே மாத்தணும்.

கொன்டெய்னர்ல ஒன்ன போன வருஷம் வித்துட்டோம், லொறி திரும்புறதுக்கு இடம் கிடைச்சிச்சு. மத்தது இன்னும் இருக்கு, கொங்கிரீட் கால்ல, மேல தகரக் கூரையோட. மாசத்துட முதல் திங்கக்கிழமைல நாலு மூலைலயும் மட்டக் குழாய் பிடிச்சு தண்ணி மட்டம் பாத்து சுவர்ல பென்சில்ல தேதி எழுதி வைக்கிறேன். போன மாசம் பாத்தப்ப பின் மூலை இன்னும் கால் இன்ச் எறங்கி இருந்திச்சு.